கரட்டு மேட்டு ஸ்டாப்பு

கிளட்ச் சூடாகிக் கருகும் வாசனை பலருக்குத் தலைவலியைக் கொடுக்கும். எனக்கோ அது பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்பதைச் சொல்லும் வாசனை. மேட்டின் அடிவாரத்துக் களங்களில் காய்ந்துகொண்டிருக்கும் கொப்பரையின் எண்ணெய் மணத்துக்குள் அந்தக் கருகல் மெல்லக் கலந்து வந்தால், டவுன் பஸ் கரட்டு மேட்டில் முக்கி முனகி ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாதிப் பின்னலோடும் வாயில் அடைத்த இட்லியோடும் நாங்கள் ரோட்டுக்கு ஓடுவோம். எங்கள் காலனியில் அப்போது கடிகாரம் உள்ள வீடுகள் குறைவு, ஆனால் எங்களில் யாரும் அந்த பஸ்ஸைத் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை.

காங்கேயத்துக்குப் போகும் அந்த அரசு பஸ்ஸை எங்கள் பக்கத்தில், காலை வண்டி என்ற அர்த்தத்தில், "வெடியால வண்டி" என்பார்கள். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து, மேட்டில் ஏறி, உச்சியில் பால் சொசைட்டிக்கு முன்னால் இருக்கும் ஊர் ஸ்டாப்பில் நின்று, அதன்பிறகு சமதளத்தில் டவுனுக்கு ஓடும். மேட்டின் நடுவில்தான் எங்கள் காலனி. எண்ணெய் மில்லுக்குக் கொப்பரை பிரிக்கப் போகும் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிகள், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் நாங்கள், கோயமுத்தூருக்கு வேலை தேடிப் போகும் அண்ணன்மார் எல்லோருக்கும் அது ஒன்றுதான் வண்டி. ஆள்கள் மட்டுமல்ல, மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் "தூக்குப்போசி"யும், டவுனில் வாங்கிவரச் சொன்ன மாத்திரையும், தைக்கக் கொடுத்த ரவிக்கையும்கூட அதில்தான் பயணம் செய்யும். கண்டக்டர் அவற்றை யாரிடமிருந்து வாங்கினார், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் மறக்காமல் பார்த்துக்கொள்வார். அரசாங்கம் என்றால் என்ன என்று அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் அந்த பஸ்ஸைக் காட்டியிருப்பேன்.

ஆனால் அந்த பஸ் எங்களுக்காக நிற்கத் தொடங்கியது பின்னால்தான். அதற்கு முன்பு அது காலனியைத் தாண்டிப் போய் உச்சியில்தான் நிற்கும். எங்கள் ஆள்கள் மேடேறிப் போய், பால் சொசைட்டிச் சுவருக்கு ஓரமாக எட்டி நின்று, ஊர்க்காரர்கள் எல்லாரும் ஏறிய பிறகு ஏறவேண்டும். கொங்குநாட்டு மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் புகழ்ந்து பேசுகிறார்கள், எதற்கெடுத்தாலும் "ங்க" போடுவார்கள் என்று. போடுவார்கள்தான். ஆனால் அந்த "ங்க" கரட்டு மேட்டில் பாதி தூரம்கூட இறங்கி வராது. எங்கம்மா அன்னம்மாளைத் தன் பிள்ளை வயதில் இருக்கிறவர்கள்கூட "அன்னம்மா, தள்ளி நில்லு" என்றுதான் சொல்வார்கள்.

அம்மாதான் காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு டெப்போவுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனுவோடு அலைந்தாள். மில்லில் சம்பளம் போகும், வீட்டில் அப்பா முணுமுணுப்பார், இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நாள் காலனி முகப்பில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, "பேருந்து நிறுத்தம்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் பாதிரியாரை அழைத்து வந்து ஜெபம் பண்ணச் சொன்னாள் அம்மா. பக்கத்து வீட்டு மாரியக்கா அதே கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். இரண்டு சாமிகளும் சேர்ந்து காப்பாற்றட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அந்த ஸ்டாப்பில் முதல் நாளிலிருந்து நிறுத்தியவர் டிரைவர் வேலுச்சாமி. வெள்ளகோவில் பக்கத்துக்காரர், பருத்த உடம்பு, சின்னக் குரல். "வாங்கம்மணி, பாத்து ஏறுங்க" என்று அவர் சொன்னபோது, யாரையோ சொல்கிறார் என்று எங்கம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வேலுச்சாமி அண்ணனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, அது மைலேஜ். வருஷக் கடைசியில் டெப்போவில் எந்த வண்டி குறைந்த டீசலில் அதிக தூரம் ஓடியது, எது நடுவழியில் படுக்காமல் ஓடியது என்றெல்லாம் கணக்குப் பார்த்து, முதலாவதாக வரும் டிரைவருக்கு ஒரு விழா வைத்து மாலை போடுவார்கள். படமும் ஒரு வருஷம் முழுக்க டெப்போ வாசலில் தொங்கும். அந்தப் படத்தின்மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை. கறவை மாட்டுக்குத் தீவனம் வைக்கிறவர் மாதிரி அந்தப் பழைய வண்டிக்கு டீசலைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதலிடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுவார். ஏன் என்று கண்டக்டரிடம் பெண்கள் கேட்டபோது, அவர் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டார்: "எல்லாம் இந்த மேடுதானுங்க. நெறஞ்ச வண்டிய நட்ட நடு மேட்டுல நிறுத்தி மறுபடி எடுத்தா, டீசல் குடிக்காம என்னங்க பண்ணும்?"

அன்று முழுக்க மில்லில் கொப்பரையோடு கொப்பரையாக இந்தப் பேச்சையும் பிரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் காலனிப் பெண்கள் யாரும் ஸ்டாப்பில் இல்லை. எல்லோரும் மேடேறிப் போய் உச்சியில், பழைய இடத்தில் நின்றார்கள். குழந்தைகளான எங்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வண்டி எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் ஏறி வந்தது. வேலுச்சாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மணி, ஸ்டாப்பு அங்க இருக்கையில எதுக்கு இத்தன தூரம் ஏறி வந்தீங்க?" என்றார். "சும்மா கால் வீசி நடந்தமுங்க, ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டரு சொன்னாருங்க" என்றாள் அம்மா. எந்த டாக்டரும் அவளுக்கு அப்படிச் சொன்னதில்லை.

மறுபடியும் சுவரோரம், மறுபடியும் கடைசியில் ஏறுவது. ஊர்க்காரர்கள் சிலர் தங்களுக்குள் சிரித்துக்கொண்டதை நானே பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவைக் கேட்டால், "அப்ப அவிங்க நிக்கச் சொன்னாங்க, நின்னோம். இப்ப நாமளா நிக்கறோம். ரெண்டும் ஒண்ணா கண்ணு?" என்றாள். ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. வேலுச்சாமி அண்ணன் தினமும் வேண்டாம் என்று சொல்வதும், இவர்கள் தினமும் ஒரு புதுக் காரணம் சொல்வதுமாக மாதங்கள் ஓடின. மரியாதையில் யார் யாரை ஜெயிப்பது என்கிற போட்டி எங்கள் சீமையில் லேசில் முடியாது. அந்த வருஷ மைலேஜ் கணக்கில் எல்லா வண்டிகளுக்கும் முன்னால் இவர் வண்டிதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டக்டர் வந்து சொன்னபோது, காலனியே தனக்குப் பரிசு கிடைத்த மாதிரி பூரித்தது.

வருஷக் கணக்கு என்றால் டீசல் மட்டும் அல்ல, எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்றும் எண்ணுவார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. டெப்போவிலிருந்து ஓர் அதிகாரி சில நாள்கள் வண்டியில் வந்து எண்ணிக்கொண்டு போனார். ஊர் ஸ்டாப்பில் கூட்டம் நெரிகிறது, காலனி ஸ்டாப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. கண்ணால் பார்த்ததைத்தானே அவர் எழுதுவார்? அடுத்த மாதத்திலிருந்து அந்த ஸ்டாப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு வந்து சொன்னார். "அதான் மேலேயே நின்னு பழகிட்டாங்களே, அப்புறம் எதுக்குக் கீழ ஒண்ணு?" என்று பால் சொசைட்டியில் பேசிக்கொண்டார்களாம்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. அவள் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அலைஞ்சு அலைஞ்சு வாங்குனத நானே குடுத்துப்போட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஸ்டாப் போனால் நாளைக்கு எனக்குப் பிறக்கும் பிள்ளைகளும் அந்தச் சுவரோரம்தான் நிற்கவேண்டும் என்பது, அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

விஷயம் தெரிந்ததும் வேலுச்சாமி அண்ணன் டெப்போ மேனேஜரிடம் நேராகப் போனார். தனக்கு டீசல் மிச்சமாகட்டும் என்றுதான் அவர்கள் மேலே நடந்து வந்தார்கள், தான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதோடு அவருடைய முதலிடம் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். மறு கணக்குக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் காலனி முழுவதையும் ஸ்டாப்பில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்றார் மாரியக்கா. அம்மா கூடாது என்று சொல்லிவிட்டாள். "போற வேல இருக்கறவங்க மட்டும் வாங்க. பொய்யா ஆளக் காட்டி வாங்கற ஸ்டாப்பு நமக்கு எதுக்கு?" அதனால் மில்லுக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒன்றிரண்டு பேரும்தான் நின்றோம். எங்கள் நேரத்துக்கு, எப்போதும் வறண்டு கிடக்கும் கரட்டில் அதிகாரி எண்ண வந்த அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

வண்டி நிறைந்து வந்தது. எங்கள் கல்லுக்கு நேராக நின்றது. நாங்கள் ஏறி முடித்து அவர் எடுத்தபோது, ஈர ரோட்டில் சக்கரம் பிடிக்காமல் வண்டி பின்னோக்கி ஒரு நகர்வு நகர்ந்தது. உள்ளே எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு "கர்த்தரே", "முருகா" என்றார்கள். கிளட்ச் கருகும் நாற்றம் கண்ணைக் கரித்தது. அதிகாரி முன் சீட்டிலிருந்து, "இந்த இடத்தில் போய் எதற்கய்யா நிறுத்துகிறீர்கள், மேலே சமமாக இருக்கிறதே?" என்றார். வேலுச்சாமி அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சனம் இங்கதானுங்க சார் இருக்குது" என்றார். சொல்லிவிட்டு மெல்ல, மிக மெல்ல வண்டியை எடுத்து மேலே கொண்டு போனார். அதிகாரி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார்.

ஸ்டாப் தப்பியது. வருஷக் கடைசியில் மாலை வேறொரு டிரைவரின் கழுத்துக்குப் போனது. அதைக் கேட்டதும் பெண்களுக்கு மனசு பொறுக்கவில்லை; இனி ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது மேலே நடக்கலாமே என்று மறுபடியும் பேச்சை எடுத்தார்கள். அதுவரை அதட்டியே பேசியிராத வேலுச்சாமி அண்ணன் அன்றுதான் அதட்டினார்: "இனி ஒருத்தர் மேல ஏறி வந்தாலும் நான் ஏத்தமாட்டேன், சொல்லிப்போட்டேன். படம் மாட்டாட்டிப் போவுதுங்க. ஸ்டாப்ப உடாதீங்க." டெப்போ வாசலில் அவர் படம் கடைசிவரை தொங்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் பேச்சு வராத பண்டிகை கிடையாது.

இப்போது நான் போத்தனூரில் இருக்கிறேன். போக்குவரத்துக் கழகம் வருஷாவருஷம் எத்தனை பேரை ஏற்றியது, எவ்வளவு டீசலை மிச்சப்படுத்தியது என்று பேப்பரில் வரும்போது, மற்ற செய்திகளைத் தள்ளிவைத்துவிட்டு அதைப் படிப்பேன். அந்த எண்களுக்குள் எத்தனை வேலுச்சாமிகள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஊருக்குப் போனால் அந்தப் பழைய மேடு இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது பாதிக் கரட்டை வெட்டிச் சரித்துவிட்டார்கள். மஞ்சள் கல் போய் நிழற்குடை வந்திருக்கிறது. வண்டியும் புதுசு, முக்குவதில்லை, கருகுவதில்லை. பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. வேலுச்சாமி அண்ணன் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. பால் சொசைட்டிச் சுவரோரம் இப்போது யாரும் எட்டி நிற்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அங்கே நிற்பதில்லை.

போன மாதம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போக எங்கள் ஸ்டாப்பில் நின்றேன். வண்டி வந்து, கதவு தானாகத் திறந்தது. டிரைவர் சின்னப் பையன். அம்மா மெதுவாக ஏறி, அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏனுங்க கண்ணு, இந்த எடத்துல நிறுத்தி எடுக்கறது உங்களுக்குச் செரமமுங்களா?" என்று கேட்டாள்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "செரமம் என்னங்கம்மா? ஸ்டாப்புதானுங்களே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "கேட்டயா, இவருக்கு ஒண்ணுமே தெரியல" என்று என் காதில் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.