ஒன் மோர்

பத்து வருஷமாக இயர்போனில் மட்டும் கேட்ட என் அபிமான மெட்டல் இசை பேண்டை இன்று மைசூரிலேயே ஒரு சின்ன பப்பில் நேரில் பார்த்தேன். முப்பது பேர் இருந்திருப்போம்.

கடைசிப் பாட்டுக்கு முன் பாடகர் கன்னடத்தில் சொன்னார்: "திங்கட்கிழமை தொண்டையில் ஆபரேஷன். கேன்சர். அப்புறம் குரல் இருக்காது."

பாடி முடித்தார். பழக்கதோஷம், "ஒன் மோர்! ஒன் மோர்!" என்று எல்லோரும் கத்தினோம்.

அவரும் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்றை ஆரம்பித்தார். பாதியில் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கிடார் மட்டும் ஓடியது.

வெளியே வந்ததும் கூட வந்திருந்த தங்கை கேட்டாள்: "அக்கா, நீ ஈஎன்டி வார்டு நர்ஸ் தானே? நீயுமா கத்துவ?"

நானுமா? முதலில் கத்தியதே நான்தான்.

இப்போது எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி யாரும் கமெண்ட் போடாதீர்கள்.