பொழுது இருக்குதா?

என் மாமியார் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. நானோ பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். ராத்திரி பத்து மணிக்கு முட்டை தோசை தின்று வளர்ந்தவள். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஆனால் இந்த விரத விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறந்ததில்லை.

போன வருஷம் வயிற்று வலி என்று அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வார்டில் ஒரு நர்ஸ். அவர் அதட்டினால் ஊர்க்கோடி செவிலிமேடு வரை கேட்கும். சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்கு ஸ்கேன். காலையிலிருந்து வெறும் வயிறு. இதோ அதோ என்று இழுத்தடித்து, அத்தையைத் திரும்ப வார்டுக்குக் கொண்டுவரும்போது வெளியே இருட்டிவிட்டது. அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு கண்ணிலும் புரை. பகல் எது, டியூப்லைட் எது என்று தெரியாது.

“பொழுது இருக்குதாம்மா?” என்று கேட்டார்.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. உடனே டாக்டருக்குப் போன் செய்தார். அதற்குள் நான் டம்ளரில் குளுக்கோஸைக் கரைத்துக்கொண்டு நர்ஸின் காதோரம் போனேன்.

“இன்னும் வெளிச்சம் இருக்குதுன்னு சொல்லிடுங்க சிஸ்டர். நான் சொன்னா நம்பமாட்டாங்க.”

உயிர் போகிற நேரத்தில் பொய்யாவது மெய்யாவது!

நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டிலோரம் குனிந்து, இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ அப்படி ஒரு மெல்லிய குரலில் சொன்னார்: “பொழுது போயிடுச்சும்மா. இருட்டிடுச்சு.”

எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன்.

“சர்க்கரை ரொம்ப எறங்கிக்கினு இருக்குது. இப்படியே வுட்டா மயக்கம் வந்துடும். டாக்டர்கிட்ட பேசிட்டேன். வாயில ஒண்ணும் வேணாம், கை நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தலாம். உங்க விரதத்துக்கு அது ஆவுமா?”

அத்தை கண்ணை மூடி யோசித்தார்.

“வாயில படாதுல்ல?”

“படாதும்மா.”

“அப்ப ஏத்தும்மா.”

நடுக்கம் அடங்கும் வரை நர்ஸ் அத்தையின் கையைப் பிடித்தபடி நின்றார். அடுத்த கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட, “வரேன் இருய்யா!” என்று பழைய குரலில் ஒரு கத்து கத்தினார்.

முகம் தெளிந்ததும் அத்தை நர்ஸின் கையை விடாமல் சொன்னார்: “கண்ணு தெரியலன்னு ஏமாத்தி ஊட்டிடுவாங்களோன்னு பயந்துக்கினே இருந்தேன்மா.”

கையிலிருந்த டம்ளரை நான் முந்தானைக்குள் மறைத்தேன். நர்ஸ் என் பக்கம் திரும்பவேயில்லை.

“யாரும்மா உங்கள ஏமாத்தப் போறாங்க?” என்றார். “உங்க மருமகதான் பாவம், துடிச்சுப் போயிட்டாங்க.”

அத்தை தடவித் தடவி என் கையைத் தேடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.