நூற்றிருபதாவது குழாய்

அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டியது. சனிக்கிழமை மத்தியானம். அம்மா எஸ்னார்ட் ஜெரே எழுதிக் கொடுத்தாள். மகள் சோண்டிவே ஒட்டினாள். ஊதா மூடி போட்ட ஆறு குழாய்கள். கடைசிச் சீட்டில் ‘ஆண் 120’ என்று எழுதும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது அந்தக் குரங்குதின்னிக்கு. இந்த வாரம் விடமாட்டேன்.”

சிப்பாட்டா நகருக்குப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் எஸ்னார்ட் முப்பத்தொரு வருடம் ரத்தம் பரிசோதித்தாள். அங்கிருந்த கருவி, ரத்தத்தில் வெள்ளையணு குறைந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி அச்சடிக்கும். எது குறைவு என்ற வரம்பு எங்கோ தூரதேசத்து மனிதர்களை அளந்து போட்டது. இந்த ஊரில் மண்வெட்டி பிடிப்பவர்கள், கல்யாணத்தில் விடிய விடிய ஆடுபவர்கள் பலருக்கும் இயல்பிலேயே அதற்குக் கீழேதான் இருந்தது. அம்புக்குறி விழுந்ததால் தொக்கோசிலே என்ற பெண் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை நடந்து வந்தாள். மூன்றாம் தடவை அவள் கேட்டாள்: “நான் எப்ப சாவேன்னு சொல்லிடுங்கம்மா. நிலக்கடலை பிடுங்கணும்.”

எஸ்னார்ட் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது.

அந்த வகைக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் சோண்டிவேயின் வேலை. வரம்பை மாற்ற அவளுக்கு இரண்டு நிமிடம் போதும். அம்மா தடுத்தாள். “அளக்காம மாத்தாதே. நம்ம ஊர்ல நோயில்லாத பொம்பளை நூத்திருபது, ஆம்பளை நூத்திருபது. அளந்துட்டு மாத்துவோம். டாக்டரும் ஒத்துக்கிட்டார்.”

ஆனால் நோயில்லாதவன் மருத்துவமனைக்கு ஏன் வருகிறான்? தேடிப் போனாள். தேவாலயப் பாடகர் குழுவில், இலவசப் பரிசோதனை என்றதும் ஆளாளுக்கு ஒரு வியாதி சொன்னார்கள்.

“எனக்கு ஒரு வருஷமா இருமல்.”

“மூணு பாட்டு பாடினியே, அதுல ஒரு இருமலைக்கூடக் காணோமே! கையை நீட்டு.”

கையை நீட்டாதவன் ஒருவன்தான். மருத்துவமனை வாசலில் சைக்கிள் பழுது பார்க்கும் கபம்ப்வே. அவன் பெம்பா, இவள் ங்கோனி. ஒரு காலத்தில் வெட்டிக்கொண்ட இனங்கள். இப்போது கேலி பேசும் முறைக்காரர்கள். முறைப் பேச்சில் வயது பார்ப்பதில்லை. கோபப்பட்டவன் தோற்றான். இவள் அவனுக்கு எலித்தின்னி, அவன் இவளுக்குக் குரங்குதின்னி.

“என்ன எலித்தின்னி, ரத்தம் குடிக்க வந்துட்டியா?”

“ரத்தமா சைக்கிள் எண்ணெயான்னு பாக்க வந்தேன்டா.”

“உங்க பாட்டன் எங்க பாட்டன்கிட்ட எடுத்த ரத்தம் போதாதா? நாளைக்கு வா.”

நாலு மாதமாக அந்த நாளை வரவில்லை. வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னாள் சோண்டிவே. “பிடிச்சா அவன் ஜெயிச்சதா ஆயிடும்” என்றாள் அம்மா. தினமும் வாசலுக்குப் போவதில் அவளுக்கு எத்தனை குஷி என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

புதன்கிழமைக்குள் ஐந்து குழாய் நிறைந்தது. வியாழன் காலை அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே எஸ்னார்டின் இதயம் நின்றது.

சோண்டிவே அழவில்லை, சாப்பிடவும் இல்லை. வெள்ளி காலை சவப்பெட்டியைத் தூக்கியபோது முன்னால் சென்றவர்கள் சட்டென்று நின்றார்கள். பாதையின் குறுக்கே கபம்ப்வே மல்லாந்து படுத்திருந்தான். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தான்.

“எங்க ஓடுற, எலித்தின்னி? நாலு மாசம் என் உசிரை வாங்கின! இன்னிக்குக் கையை நீட்டிட்டேன், நீ படுத்துக்கிட்டியா? எடுக்காம போக விடமாட்டேன்!”

கூட்டம் சிரித்தது. சாவு வீட்டில் சிரிக்க வைப்பது முறைக்காரனின் கடமை. பதில் சொல்ல வேண்டியது செத்தவளின் வீடு. எல்லோரும் சோண்டிவேயைப் பார்த்தார்கள்.

“எழுந்திருடா, குரங்குதின்னி! இப்படிக் கிடந்தா நோயாளின்னு எழுதிடுவேன். அப்புறம் உன் ரத்தம் கணக்குல சேராது!”

சிரிப்பு பாதை முழுக்கப் பரவியது. சோண்டிவேயும் சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது. கபம்ப்வே மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கல்லறைவரை தோள் மாற்றவேயில்லை.

வீடு திரும்பியதும் சோண்டிவே அம்மாவின் கூடையைத் திறந்தாள். ‘ஆண் 120’ சீட்டு ஒட்டிய காலிக் குழாய் ஒன்று. அதைச் சுற்றி ரப்பர் வளையம் போட்ட துண்டுக் காகிதம், அம்மா கையெழுத்தில்: ‘கபம்ப்வே. வெள்ளி காலை. சிரிக்கவிட்டுக் குத்தாதே, கை ஆடும்.’