பெரியநாயகி அக்காவின் இரண்டு நிமிடப் பேச்சு

பெரியநாயகி அக்காவுக்கு நன்கொடை கேட்கத் தெரியாது. விருந்துக் கூப்பனை நீட்டிவிட்டு எதிரில் நிற்பார், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் எதிராளி தானாகவே பணத்தை எடுத்துவிடுவார். ஆயர் குரோவில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவரைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அக்கா கேட்டுக்கு வெளியே காத்திருப்பார். அவர்களும் வேலைக்குப் போய்த்தானே ஆகவேண்டும்?

அக்கா பிறந்தது சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். இப்போது பள்ளி கேண்டீனில் ரொட்டி சானாய் போடுகிறார். நான் பக்கத்து வீட்டு விமலன். கூப்பன் விற்கப் போகும்போது என் வேன்தான்.

வசூலெல்லாம் டாக்டர் வாணியின் ஆராய்ச்சிக்கு. திடீரென்று நெஞ்சடைத்து விழுகிறவருக்கு, அம்புலன்ஸ் வரும்வரை கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் வாழையிலை விருந்து நடக்கும். சமையலும் அக்கா, பேச்சும் அக்கா.

"வீட்டுக்காரர் விழுந்தாரு. 999-க்கு அடிச்சேன். அம்புலன்ஸ்ல வந்தாங்க. போயிட்டாரு. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

இரண்டு நிமிடம் கொடுத்தால் கால் நிமிடத்தில் முடித்துவிடுவார். யாருக்கும் கண் கலங்காது. பாயசத்தை இரண்டாவது முறை கேட்பார்கள்.

அந்தப் பேச்சில் ஒன்று விட்டுப்போயிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் தர்மேந்திரன் அண்ணன் விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் வழக்கம். "இரும்பு, இரும்பு" என்று அக்கா கத்தினார். நான் ஓடிப்போய் என் சாவிக்கொத்தைக் கொண்டுவந்தேன். பெரிதாக இருந்தால் நல்லது என்று என் கடைச் சாவிகளையும் சேர்த்தே கொண்டுவந்தேன். அக்கா அதை அண்ணன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். வலிப்பு அடங்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். அது நெஞ்சடைப்பு, நெஞ்சை அழுத்த வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது.

பிறகு டாக்டர் நடத்திய பயிற்சியில் தெரிந்துகொண்டோம். அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்றே அழுத்தியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு விருந்திலும் அக்கா சாவியைச் சொல்லாமல் விடும்போது எனக்கு மூச்சு வரும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் அக்காவுக்கு முன்னால் டாக்டர் பேசினார்.

"நீங்க குடுக்கிற காசுக்கு நன்றி. ஆனா நான் நிரப்பக் குடுக்கிற பாரத்துல எல்லாரும் 'உடனே போன் பண்ணினேன்'னுதான் எழுதுறாங்க. உண்மை தெரியாம நான் என்னத்தக் கண்டுபிடிக்கிறது?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"வீட்டுக்காரர் விழுந்தாரு. வலிப்புன்னு நெனச்சேன். சாவிக்கொத்தக் கையில வச்சுப் பிடிச்சிக்கிட்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறந்தான் 999-க்கு அடிச்சேன்."

சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அடுத்த வரி சாப்பிடச் சொல்வது. அக்கா அதைச் சொல்லவில்லை.

டாக்டர் பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். அதில் சாவிக்கு இடம் இல்லை போலும், ஓரத்தில் எழுதினார்.

"அப்போ கூட யாராச்சும் இருந்தாங்களா அக்கா?"

"யாரும் இல்லலா. நான் மட்டுந்தான்."

என் பக்கம் அக்கா திரும்பவே இல்லை. மண்டபத்தின் கடைசியில் நன்கொடைப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். பேசாமல் நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். டாக்டர் பாரத்தை மடிக்கப் போனார். நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நான் இருந்தேன் டாக்டர்," என்றேன். "சாவி என்னோடது."