மூன்றாம் மைலின் பீப்பாய்கள்

குளச்சல் கடற்கரையில் நான் கண்ட அந்த மீன்வள அலுவலர், கொளுத்தும் வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். தடித்த கடற்சட்ட நூலைப் புரட்டாமல் எவருக்கும் மறுமொழி கூறமாட்டார். அவருடைய ஆங்கில ஆணையைத் தமிழாக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

கரையிலிருந்து மூன்று மைல்வரை அரசின் கடல். மீன் சினைப்படும் இரு மாதமும் அதற்குள் வலைவீசுதல் குற்றம். அதற்கப்பால் எல்லா நாட்டார்க்கும் பொதுக்கடல் என்பது ஆணை. கட்டுமரத்தை நம்பி உலையேற்றும் பரதவர்க்கு எல்லை விளங்கவேண்டுமே என்று கருணைகூர்ந்து, மூன்றாம் மைலில் பீப்பாய்களை நங்கூரமிட்டு மிதக்கவிட்டார்.

மீன்கள் ஆணையைப் படிக்கவில்லை. மிதக்கும் பொருளின் நிழலில் ஒதுங்குவது அவற்றின் இயல்பு. சில நாளில் பீப்பாய்களின் அடியில் அவை திரண்டன. கட்டுமரங்கள் எல்லைக்கு ஒரு முழம் வெளியே வரிசையாக நின்று அள்ளின.

அலுவலர் கரையில் அவர்களை மறித்தார். "சினையும் குஞ்சுமா வாரிட்டு வாறீங்களே, நாளைக்கு எதைப் பிடிப்பீங்க?"

"நாங்க வெளியிலதானே நிக்கோம், ஏமானே?" என்றார் மூத்த பரதவர். "மீனு கூடணும்னு நாங்க தென்னவோலையக் கல்லுல கெட்டி எறக்குவோம். அது அழுகிப் போவும். ஏமான் நல்ல பீப்பாயா போட்டுத் தந்திருக்கீரு. புண்ணியமாப் போவும்."

அலுவலர் நூலைப் புரட்டினார். நிழலுக்கு அதில் விதியில்லை. பீப்பாய்களை அகற்ற ஆணையிட்டார்.

மறுநாள் ஊரே திரண்டு வந்தது. "தடைய இன்னும் ரெண்டு மாசம் நீட்டுங்க ஏமானே, பீப்பாய மட்டும் எடுக்காதீங்க!"

தடையை நீட்டுமாறு குடிகளே மன்றாடிய சட்டம் வேறொன்றை நான் அறியேன். அவரை நினைக்கையில் இன்றும் நகைப்பு வரும். ஆயினும் அந்தக் கரையில் சினைமீனுக்காக வழக்காடியவர் அவர் ஒருவரே. அதனால் அந்நகைப்பு முழுமையாக வருவதில்லை.