ஒரே ஓட்டையில் இரண்டு

எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் நான் சுட்ட அட்டை ஒன்று நான்கு மாதம் தொங்கியது. அதன் கீழே யாரோ ஸ்கெட்ச் பேனாவால் ‘ஒரே ஓட்டையில் இரண்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். டீ ஃபிளாஸ்க் வைக்கும் மேஜைக்கு நேர் மேலே அந்தப் பலகை. ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வேண்டுமென்றால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அட்டையில் எழுதியிருந்தது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். சுற்றி வளைத்துச் சொன்னால் இன்னொரு முறை மழுப்பியதாகிவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கழகம் என்றதும் பெரிதாக எதுவும் நினைக்க வேண்டாம். ஓசூர் சாலையில் அத்திபெலேக்குச் சற்று முன்னால் உள்ளே திரும்பினால் ஒரு தகரக் கூரை, எதிரே ஒரு மண்மேடு, எட்டுப் பேர் வரிசையாக நின்று சுட இடம். அவ்வளவுதான். நான் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன். மயிரிழை பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற வேலை. வாரம் ஆறு நாள் அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடித்துவிட்டு, ஏழாம் நாள் இங்கே வந்து .22 பிஸ்டல் சுடுவேன். இருபது வருடப் பழக்கம். ஓரளவு பெயரும் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் ஒருநாள் உண்மையிலேயே ஒரே ஓட்டையில் இரண்டு குண்டு போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தவர்கள் இன்னும் கழகத்தில் இருக்கிறார்கள். என் பொய்க்கு முதலீடு அதுதான்.

எங்கள் பிஸ்டலில் தொலைநோக்கி கிடையாது. குழல் நுனியில் அரிசி மணி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு நிற்கும். அது ஃப்ரண்ட் சைட். பின்னால், கைப்பிடிக்கு மேலே, நடுவில் பள்ளம் வெட்டிய ஒரு தகடு. பள்ளத்துக்கு நடுவே அந்தத் துண்டு நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், இருபத்தைந்து மீட்டர் தள்ளி இருக்கும் கறுப்பு வட்டம் அதன் மேல் வந்து உட்கார வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. ஃப்ரண்ட் சைட் கூர்மையாகத் தெரிந்தால் போதும், வட்டம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. இது பாலபாடம். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இது தலைகீழானது. வட்டம் பளிச்சென்று தெரிந்தது. இரும்புத் துண்டுக்கு ரோமம் முளைத்துவிட்டது.

வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் அளவு பார்த்தே சம்பளம் வாங்கியவனுக்கு அதை ஒப்புக்கொள்வது கஷ்டம். முதலில் தகரக் கூரையின் நிழல் சரியில்லை என்றேன். பிறகு குண்டுப் பெட்டி பழையது என்றேன். கழகத்துப் பிஸ்டலின் சைட்டை யாரோ திருகி வைத்துவிட்டார்கள் என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

எனக்குப் பக்கத்து இடத்தில் எப்போதும் சுடுகிறவர் ஒரு டீச்சர். காக்ஸ் டவுன்காரர், ஏறக்குறைய என் வயது, பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறார். காலைப் பூசைக்குப் போய்விட்டு அந்தப் புடவையோடே வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுடுவார். அவருக்கும் கண் மங்கியிருந்தது. அதை அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு வில்லை மாட்டிய விநோதமான ஒரு சட்டத்தை மூக்கில் போட்டுக்கொண்டு, “நான் இப்போ கடிகாரம் ரிப்பேர் பண்றவ” என்று சிரிப்பார்.

நான் கூரை நிழலைத் திட்டிய அன்று அவர் கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் ஒரு முடிச்சு இருந்தது.

“சார், கண்ணுலருந்து ஃப்ரண்ட் சைட் வரைக்கும் ஒரு நூலப் பிடிச்சு முடிச்சு போட்டுக்கோங்க. அத எடுத்துட்டுப் போய், இந்த தூரத்துக்கு மட்டும் பவர் குடுங்கன்னு கேளுங்க. பேப்பர் படிக்கிற பவர் இதுக்கு ஆவாது.”

“எனக்கு இன்னும் அந்த நெலம வரல டீச்சர்” என்றேன்.

அவர் நூலைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டார். நான் அந்த வாரமே சிவாஜிநகர் போனேன். பஸ் ஸ்டாண்டு ஓரமாக நடைபாதையில் கண்ணாடி விற்பவரிடம், தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, ஒன்றரை பவரில் ஒன்று வாங்கினேன். அவர் படித்துப் பார்க்க ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டினார். படித்தேன், நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டி அந்தத் தூரத்தில் விரலைப் பார்த்திருக்க வேண்டும். பேப்பர் படிக்கும் பவர் ஆகாது என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னதையே வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அதைப் போட்டுக்கொண்டால் ஃப்ரண்ட் சைட் ஓரளவு தெளிந்தது. ஆனால் எதிரே இருந்த எட்டு அட்டைகளும் எட்டு மைக்கறை ஆகிவிட்டன. மேலே எழுதியிருக்கும் இட எண்கள் தெரியவே இல்லை. அதனால் வெறும் கண்ணால் என் அட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டு, தொப்பிக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, கையைத் தூக்குவேன். சுட்டதும் கண்ணாடி மறுபடி தொப்பிக்குள் போய்விடும். இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன்.

மாநில மூத்தோர் போட்டிக்குக் கழகத்திலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஐந்து ஐந்தாக ஆறு சுற்று சுட வேண்டும், சுற்றுக்கு ஒரு புது அட்டை. டீச்சர் அதுவரை ஒருமுறைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. இந்த முறை போய்விடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

கடைசிச் சுற்றில் நான்கு குண்டு சுட்டுவிட்டேன். நான்கும் நன்றாகவே போயிருந்தன. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கையை இறக்கி மூச்சு விட்டபோது, டீச்சர் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டாரோ என்று சந்தேகம் வந்தது. அவர் பக்கம் தலையைத் திருப்பினேன். அவர் தன் வட்டத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நிம்மதியாகத் தலையைத் திருப்பிக் கையைத் தூக்கினேன். மங்கலாக ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. ஃப்ரண்ட் சைட்டை அதன் கீழே நிறுத்தி, மெதுவாக விசையை அழுத்தினேன். அது என் வட்டம் இல்லை.

கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவிட்டு ஸ்டாண்டில் இருந்த தொலைநோக்கி வழியாகப் பார்த்தேன். என் அட்டையில் நான்கு ஓட்டைகள். தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தினேன். டீச்சர் அட்டையில் ஆறு.

விதி எளிமையானது. பக்கத்து அட்டையில் சுட்டவன் ஒப்புக்கொண்டால் அவனுடைய அந்தக் குண்டுக்குப் பூஜ்யம், பக்கத்து ஆளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால், கூடுதல் ஓட்டை விழுந்த அட்டையில் இருப்பதிலேயே நல்ல குண்டைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள். இதை நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கே விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

சுட்டு முடித்து எல்லோரும் அட்டைகளை நோக்கி நடந்தோம். இருபத்தைந்து மீட்டர். உண்மையைச் சொல்ல அது போதுமான தூரம். நான் அந்தத் தூரத்தைப் பொய்யைக் கோர்க்கப் பயன்படுத்திக்கொண்டேன்.

எங்கள் ரேஞ்ச் ஆபீசர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர். எங்களோடு பாதித் தமிழில் பேசுவார். என் அட்டையைப் பார்த்து, “சார், நால்க்கே இதே. இன்னொண்ணு எங்கே?” என்றார்.

நடுவில் இருந்த ஓட்டையைக் காட்டினேன். “அதுலயே ரெண்டு போயிருக்கு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீச்சருடைய அட்டையைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கும் முன் டீச்சர் முந்திக்கொண்டார்.

“இல்ல சார், நான்தான் ஆறு போட்டுட்டேன் போல. சாருக்கு ஒரே ஓட்டையில ரெண்டு போறது புதுசா என்ன?”

அந்தப் பிஸ்டலின் மேகசினில் பத்துக் குண்டு வரை போகும். ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நம் பொறுப்பு. பயிற்சிக்கும் அதே பெட்டியிலிருந்து எடுத்திருந்ததால் மிச்சத்தை எண்ணியும் பயனில்லை. டீச்சரின் பத்துப் புள்ளிக் குண்டு ஒன்று அடிபட்டது. நான் அங்கே போட்ட ஏழு அவருடையதாகிவிட்டது. எனக்குப் பூஜ்யத்துக்குப் பதில் பத்து. நான் மூன்றாவதாக வந்தேன். டீச்சர் இரண்டு புள்ளி குறைந்து நான்காவது. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். டீச்சரும் கொடுத்தார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். இங்கே குழிக்குள் இருந்தவரே குதிரைக்குக் கை கொடுத்தார்.

மாநிலப் போட்டியில் என்ன செய்தேன் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியிலிருந்து இரண்டாவது. திரும்பி வந்து பார்த்தால் என் அட்டை பலகையில் ஏறியிருந்தது. ஐ.டி. கம்பெனிகளிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் போனில் படம் எடுத்தார்கள். ஒருவர் என்னை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன். சிரிக்கச் சொன்னார். அதையும் செய்தேன்.

டீச்சர் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார். ஆனால் ஒரு புதுப் பழக்கம். மேகசினில் குண்டு போடும்போது வாய்விட்டு எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.” எண்ணி முடித்ததும் ஐந்தையும் வெளியே எடுத்து, மறுபடி எண்ணிப் போட்டார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், பக்கத்தில் நான் நிற்கும்போதே, ஐந்து வரை இரண்டு முறை எண்ணினார்.

ஒருநாள் டீ குடிக்கும்போது நானே கேட்டேன், ஏன் இப்படி எண்ணுகிறீர்கள் என்று. கேட்க எனக்கு எப்படி மனம் வந்ததோ.

“எங்கம்மாவுக்கு இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது” என்றார். “மொதல்ல எண்ணிக்கை தப்புச்சு. அப்புறம் எங்க பேரு. கடைசில நான் யாருன்னே தெரியாம என்னை வாங்க போங்கன்னு பேசினாங்க.”

நான் டீயைக் குடித்தேன். தலைக்கு மேலே அட்டை இருந்தது. “அதெல்லாம் ஒண்ணும் இருக்காது டீச்சர்” என்று ஆறுதல் சொன்னேன். நடந்த எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வெட்கமாக இருப்பது அந்த ஆறுதல்தான். பொய் பதற்றத்தில் வந்தது. ஆறுதல் நிதானமாக வந்தது.

அன்றைக்கு அவர் மறுபடியும் நூலை எடுத்தார். என் ஸ்கோர் விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “வெக்கப்படாதீங்க சார். வயசு ஆனா கண்ணு போறது குத்தமா?” என்று தன் கையாலேயே என் கண்ணோரத்திலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை பிடித்து முடிச்சுப் போட்டுத் தந்தார். அதை வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடிக் கடையில் காட்டினேன். முக்கால் பவர்தான் தேவைப்பட்டது.

புதுக் கண்ணாடியை முதல் நாள் ஒளிக்காமல் போட்டுக்கொண்டு டீ மேஜை அருகே நின்றேன். நான் நின்ற இடத்துக்கும் பலகைக்கும் சரியாக அந்த நூலின் தூரம். அந்தப் பவருக்கு உலகத்தில் வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. நடு ஓட்டை தெரிந்தது. சுற்றிலும் ஒரே சீரான விளிம்பு, எந்தப் பக்கமும் பிதுங்கவில்லை. ஒரு குண்டு போன ஓட்டை. தொழிற்சாலையில் இப்படி ஒன்றை யாராவது ‘இரண்டு’ என்று எழுதிக் கொண்டுவந்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன். நான்கு மாதமாக எத்தனையோ பேர் அதைப் பார்த்திருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன் என்பதால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

டீச்சர் தன் இடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“டீச்சர், அன்னைக்கு உங்க அட்டையில விழுந்த ஆறாவது குண்டு என்னோடது. எனக்கு அப்பவே தெரியும்.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் இருந்த குண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாநிலப் போட்டியைப் பற்றிக் கேட்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

“அப்போ நான் அஞ்சுதான் போட்டேனா சார்?”

“அஞ்சுதான் டீச்சர்.”

“நாலு மாசமா, கேஸ மூடினேனான்னு தெனம் படுக்கையிலருந்து எந்திரிச்சுப் போய்ப் பாக்குறேன்” என்றார். குரல் உயரவில்லை. “டாக்டர்கிட்ட போனேன். ஒண்ணும் இல்லன்னாரு. நான் நம்பல. நான்தான் தப்பா எண்ணினேனே, அவருக்கு என்ன தெரியும்னு நெனச்சேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“போய் ஆபீசர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

ரேஞ்ச் ஆபீசரிடம் சொன்னேன். அவர் பலகைக்குப் போய், குண்டூசியைப் பிடுங்கி, அட்டையை என் கையில் கொடுத்தார். அதை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டது. டீச்சர் மேகசினில் குண்டு போட்டுக்கொண்டிருந்தார், இந்த முறை வாய்க்குள்ளேயே. ஐந்து போட்டு நிறுத்தினார். பிஸ்டலை எடுக்கக் கை நீட்டியவர், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, ஐந்தையும் வெளியே எடுத்து மேஜை மேல் வைத்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.