விட்டுப்போன ஒரு சொல்

சர்ச்சில் எல்லோரும் அவளைக் கையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் டைப் அடிப்பாள். ஏழாம் நாள் பலிபீடத்துக்குப் பக்கவாட்டில் நின்று, போதகர் வாயால் சொல்வதையெல்லாம் கையால் சொல்வாள். முந்நூறு பேர் இருக்கும் சபையில் அது ஒரே ஒரு மனிதருக்காக. இருபத்திரண்டு வருஷமாக.

அந்த ஒருவர் சந்தைத் தெருவில் சாவி வெட்டுகிறவர். பிறவியிலேயே காது கேட்காது. அவருடைய கடையில் ஓர் ஆள் உட்காரலாம், இன்னோர் ஆள் குனிந்து நிற்கலாம், மூன்றாமவர் தெருவில்தான். சாவி வெட்டும் மெஷின் சரியாக ஓடுகிறதா என்பதை மேஜைமேல் வைத்த இடது உள்ளங்கையாலேயே தெரிந்துகொள்வார். மனைவி இருந்தவரை அவளோடு சர்ச்சுக்கு வந்தார். மனைவி இறந்துபோன பிறகு, ஆறு வயசு மகளை வெளியூரில் இருந்த சித்தி கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்புறமும் ஒரு வாரம் தவறாமல் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் எழுந்தால் எழுந்து, ஊர் உட்கார்ந்தால் உட்கார்ந்தார்.

அப்போது கையக்காவுக்கு முப்பது வயசு. ஒருநாள் ஆராதனை முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினாள்: ‘பிரசங்கம் ஏதாவது புரிகிறதா?’

அவர் அதன் கீழேயே எழுதினார்: ‘இல்லை. ஆனால் இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது.’

அந்த வரியைப் படித்துவிட்டு அவளால் மத்தியானச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. மறு சனிக்கிழமையே கடை வாசலில் போய் நின்றாள். சைகை மொழி கற்றுக்கொடுங்கள் என்று எழுதிக் காட்டினாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை எழுதினார்: ‘எதையும் விடக்கூடாது. ஊரே எனக்குச் சுருக்கித்தான் சொல்கிறது. நீயாவது முழுசாகச் சொல்.’

டைப் அடிக்கிறவளுக்கு அது கஷ்டமான நிபந்தனை இல்லை. மூலத்தில் இருப்பது நகலில் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. மைக் கீச்சிட்டால் அதைச் சொன்னாள். பின்வரிசையில் குழந்தை வீறிட்டால் அதையும் சொன்னாள். இரண்டு மூப்பர்கள் காணிக்கைப் பையை யார் எடுப்பது என்று கிசுகிசுப்பாகச் சண்டை போட்டதையும் ஒரு வார்த்தை சிந்தாமல் கைமாற்றினாள். அவர் தோள் குலுங்கச் சிரித்ததில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒருமுறை போதகர் ஒன்றேகால் மணி நேரம் பேசிய அன்று மட்டும் அவர் சைகை செய்தார்: “இன்னைக்கு மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கோ.”

“பிரசங்கத்தைப் பாக்குறதா, இந்தம்மா கையாட்டுறதைப் பாக்குறதா?” என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவள் அதையும் அவருக்குச் சொன்னாள். வீட்டில் அவள் கணவர், பஸ் கண்டக்டர், கிண்டலுக்குக் குறைச்சல் இல்லாதவர். “ஆறு நாள் உன் வாய் பேசுது, ஏழாம் நாள் கை பேசுது. என் காதுக்குத்தான் லீவே கெடையாது,” என்பார். ஆனால் சனிக்கிழமை அவள் கிளம்பும்போது, சாவிக்காரருக்கென்று தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தருவது அவர்தான்.

கையக்காவுக்கு நீளமாக ஜெபம் பண்ண வராது. நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆண்டவருக்கு என்னிடம் வேண்டியது என் வாய் இல்லை, கைதான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

சாவிக்காரருக்கு வயிற்றுவலி வந்து, சோறு இறங்காமல் போன வருஷம், மகள் வந்து சேர்ந்தாள். இருபத்தெட்டு வயசு, சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பாவோடு பேச அவளுக்கு நாலைந்து சைகைதான் தெரியும்: சாப்பாடு, தூக்கம், போகலாம், வரலாம். மற்றதெல்லாம் போனில் எழுதிக்கொள்வார்கள். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அறைக்கு வெளியே அவள் கையக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, என்ன சொன்னாலும் அப்பாகிட்ட அல்சர்னு மட்டும் சொல்லிடுங்க. ப்ளீஸ். அவர் தாங்க மாட்டார்.”

உள்ளே டாக்டர் நிதானமாகச் சொன்னார். வயிற்றில் ஆரம்பித்துக் கல்லீரல் வரை போய்விட்டது. மருந்து கொடுக்கலாம், குணமாகாது. மூன்று மாதம், மிஞ்சினால் நாலு. சொல்லி முடித்துவிட்டுக் கையக்காவைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

சாவிக்காரர் அவள் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவரே சைகை செய்தார்: “டாக்டர் வாய் ரொம்ப நேரம் அசைஞ்சுது. உன் கை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

அவள் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். கல்லீரல் என்பதற்குச் சைகை தெரியாமல் எழுத்து எழுத்தாக விரலில் காட்டினாள். மூன்று மாதம் என்பதற்கு மூன்று விரலை நிமிர்த்தினாள். அவர் பார்த்து முடித்துவிட்டு, “கை நடுங்குது உனக்கு. உக்காரு,” என்றார். பிறகு, மருந்து வேண்டாம், கடைக்குப் பக்கத்திலிருக்கும் தன் அறைக்கே போகிறேன் என்றார்.

வராந்தாவில் மகள் கத்தினாள்.

“யாரு நீங்க எங்க வீட்டு விஷயத்துல? மருந்து எடுத்திருந்தா இன்னும் ஆறு மாசம் இருந்திருப்பார். இருபத்திரண்டு வருஷம் அப்பா இல்லாம இருந்தவ நான். அந்த ஆறு மாசத்தை ரெண்டு நிமிஷத்துல கையை ஆட்டியே தள்ளிட்டீங்களே!”

 அவரிடம் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன் என்று கையக்கா சொல்லியிருக்கலாம். பெற்ற மகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டரை மாதத்தில் அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையக்கா போனாள். வார்டு கதவிலேயே மகள் நின்றாள். “தூங்குறார்,” என்றாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனாள். “இனிமே வராதீங்க ஆன்ட்டி. அவரை நான் பாத்துக்கறேன்,” என்றாள் மகள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கையக்காவுக்கு முகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கண்டக்டர் கிண்டல் பண்ணவில்லை. “அந்தப் பிள்ளை கால்ல விழுந்தாவது உள்ள போ. அந்த மனுஷனுக்கு அங்க வேற யாரு பாஷை தெரியும்?”

“வராதேன்னு சொன்ன இடத்துக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?”

அதோடு அவள் போகவில்லை. மகளின் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில், டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, சர்ச் பணியாளர் வந்து அவர் போய்விட்டார் என்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மகள் அவளைத் தேடி வந்தாள். கோபமெல்லாம் வடிந்த முகம்.

“ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கடைசி ரெண்டு நாள் கண்ணையே தெறக்கல. பேனா புடிக்கவும் முடியல. ஆனா கை மட்டும் ஒண்ணையே திரும்பத் திரும்பச் செஞ்சுது. இப்படி.”

இரண்டு விரலைச் சேர்த்துக் கழுத்துக் குழியில் வைத்து, மெல்ல நெஞ்சு வரை இழுத்துக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள்.

“இது பாசம்னு சொல்றதுதானே? என்னைத்தானே சொன்னார்?”

தாகம். தண்ணீர் வேண்டும்.

சாதாரண ஆட்களிடம் அவர் கட்டைவிரலை வாயில் கவிழ்த்துத்தான் தண்ணீர் கேட்பார்; அது எவருக்கும் புரியும். இது சின்ன வயசில் காது கேளாதோர் பள்ளியில் படித்த சைகை. இந்தத் தெருவில், இந்த ஊரில், இதை அவர் ஒருத்தியிடம்தான் செய்வார். சனிக்கிழமை சாயங்காலம், இரும்புத் தூள் படிந்த விரலால், அவள் பையைப் பார்த்துக்கொண்டு. கண் மூடியிருந்த அந்த மனிதர் அவள் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டே இரண்டு நாள் கேட்டிருக்கிறார்.

மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். கையக்கா தலையை ஆட்டினாள். ஆமாம்.

மகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். “எனக்குத் தெரியும் ஆன்ட்டி. எனக்குத் தெரியும்.”

அன்று நடந்ததைக் கையக்கா கணவரிடம் மட்டும் சொன்னாள்.  “நல்லது பண்ணியா, கெட்டது பண்ணியா, எனக்குத் தெரியல,” என்றார் அவர். அவளுக்கும் தெரியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால், தண்ணீரைத் தவிர வேறு எதுவும் மனதில் வரவில்லை.

கடையை ஒழித்துக் கொடுப்பதற்காக மகள் ஒன்றரை மாதம் தங்கினாள். ஞாயிறுதோறும் கையக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தாள், கண்டக்டர் ஜோக்குக்குச் சிரித்தாள். கிளம்பும்போதெல்லாம் படியில் நின்று அந்தச் சைகையைச் செய்துவிட்டுத்தான் போவாள். ஒவ்வொரு முறையும் கையக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆறாம் ஞாயிறு, சபைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். தையல் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள்; காது கேட்காது. சாவிக்காரர் படித்த பள்ளியிலேயே படித்தவளாம். கையக்காவைப் பற்றி யாரோ சொல்லித் தேடி வந்திருக்கிறாள். அன்று கையக்கா கை தூக்கியபோது, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு விரல்களுக்கு உயிர் வந்தது போலிருந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் மரத்தடியில் நின்றார்கள். கையக்காவைப் போதகர் ஏதோ கேட்டு நிறுத்திக்கொண்டார். அங்கிருந்தே அவள் பார்த்தாள். மகள் அந்தப் பெண்ணிடம் போனாள். என்ன பேசுவதென்று தெரியாமல் தயங்கினாள். பிறகு, தனக்குத் தெரிந்ததிலேயே நல்ல சொல்லைச் சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு விரலைக் கழுத்துக் குழியில் வைத்து நெஞ்சு வரை இழுத்தாள்.

அந்தப் பெண் உடனே பைக்குள் கைவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்து நீட்டினாள்.

மகள் புரியாமல் மறுபடி செய்தாள். அந்தப் பெண் பாட்டிலை இன்னும் கிட்டே கொண்டுபோய், குடி குடி என்று கட்டைவிரலை வாயில் கவிழ்த்துக் காட்டினாள்.

மகள் பாட்டிலைப் பார்த்தாள். திரும்பிக் கையக்காவைப் பார்த்தாள்.

கையக்கா ஒதுங்கி நின்ற சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மகளே வந்தாள். 

“சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன், அப்போ சொன்னீங்க. சொல்லுங்கன்னு வந்து நின்னேன், அப்போ மறைச்சீங்க.”

“அம்மாடி...”

“பக்கத்துலயே டம்ளர் இருந்துச்சு ஆன்ட்டி. குடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. ஆனா ஒரு பஞ்சை நனைச்சு ஒதட்டுல வெச்சிருப்பேனே. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவர் அப்படிச் செய்யும்போதெல்லாம் கையைப் புடிச்சு முத்தம் குடுத்துட்டு, ‘எனக்கும்தாம்ப்பா’ன்னு சொன்னேன்.”

அந்த வாரமே அவள் ஊருக்குப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. ஐந்து மாதம் கழித்து, பதில் வராது என்று தெரிந்த பிறகு, கையக்கா பஸ் ஏறினாள்.

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப்போனால் மகளின் அறை. தரையெல்லாம் பரீட்சைத் தாள். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தாள்களை ஒதுக்கி ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினாள்.

“மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?”

“இல்லம்மா. ஒரு பொய்யைச் சொல்லியிருக்கேன், இன்னொரு பொய்யும் இருக்கு. அதைச் சொல்ல வந்தேன்.” கையக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். “வராதேன்னு நீ சொன்னதால நான் வரலேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். அது இல்ல காரணம். எனக்கு ரோஷம். நாலு பேர் முன்னால சொல்லிட்டியேன்னு ரோஷம். நான் மட்டும் மானம் பாக்காம உள்ள வந்திருந்தா, அவர் கேட்டது எனக்குப் புரிஞ்சிருக்கும்.”

மகள் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள், போட்டாள், கழற்றினாள்.

“நாக்கு ரொம்ப வறண்டிருக்குமா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. 

“வறண்டிருக்கும்மா.”

“எத்தனை தடவை கேட்டிருப்பார்?”

“எனக்குத் தெரியாது. நான் அங்க இல்ல.”

“நான் இருந்தேன்,” என்றாள் மகள். அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பரீட்சைத் தாள் மேலேயே சாய்ந்தாள். கையக்கா நகர்ந்துபோய் அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறுதலாக ஒரு வசனம் சொல்லலாம். இருபத்திரண்டு வருஷம் கைமாற்றியதில் எத்தனையோ வசனம் மனப்பாடம். எதையும் சொல்லவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய்வருகிறாள். சில முறை கதவு பூட்டியிருக்கும். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாள். சில முறை மகள் அப்பாவைப் பற்றிக் கேட்பாள். அவர் கடையில் சொன்னதையெல்லாம் கையக்கா சொல்வாள், அஞ்சு வருஷமா எட்டிப் பாக்கல என்று அவர் குறைப்பட்டது உட்பட. மன்னித்துவிட்டேன் என்று மகள் சொன்னதில்லை. இவள் கேட்டதும் இல்லை.

போன தடவை மகள் பேசவே இல்லை. தாள் திருத்திக்கொண்டே இருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள், டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள். கையக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மூணாவது படி ஒடைஞ்சிருக்கு. பாத்து எறங்குங்க.”